மூளையைத் தின்னும் அமீபா: பயப்பட வேண்டியது குளத்துக்கா, குழாய்க்கா?

இருபிள்ளைஅம்மா

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். "பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள், ஒரு சொட்டு வாயில் போனாலும் அமீபா மூளைக்கு ஏறிவிடும்" என்று. என் பிள்ளைகள் இரண்டு பேரும் நீச்சல் பழகுகிறார்கள். சின்னவள் இப்போதுதான் தண்ணீருக்குள் முகத்தை வைக்கவே பயம் தெளிந்திருக்கிறாள். வகுப்பை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

குடித்தால் வருமா? குளோரின் போட்ட நீச்சல் குளத்திலும் வருமா? ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பயமுறுத்தவும் வேண்டாம், பூசி மெழுகவும் வேண்டாம்.

ஆய்வுக்கூடத்தான்

வணக்கம் அக்கா. நான் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன். மருத்துவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடித்தால் வராது. வயிற்றுக்குப் போனால் அது அங்கேயே அழிந்துவிடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் பரவாது. அதற்கு இருக்கிற ஒரே வழி மூக்கு. தண்ணீர் வேகமாக மூக்கில் ஏறும்போது உள்ளே போகிற இந்த அமீபா (நெக்லேரியா ஃபௌலேரி என்ற ஒற்றைச் செல் உயிர்), மூக்கின் உச்சியில் வாசனை நரம்பு தொடங்கும் இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே மூக்குக்கும் மூளைக்கும் நடுவே சல்லடை போல ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது. அதன் ஓட்டைகள் வழியாக நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையின் அடிப்பகுதிக்குப் போய்விடும்.

இயற்கையில் இது யாரையும் தேடி அலைவதில்லை. வெதுவெதுப்பான நன்னீரிலும் சேற்றிலும் பாக்டீரியாவைத் தின்று வாழ்கிறது. சூடு என்றால் கொண்டாட்டம், 46 டிகிரி செல்சியஸ் வரை தாங்கிப் பெருகும். குளிரில் கூடு கட்டிக்கொண்டு அடியில் கிடக்கும். கடல் நீரில் பிழைக்காது.

தண்ணீர் ஏறியதிலிருந்து 12 நாளுக்குள், பெரும்பாலும் ஐந்தாறு நாளில் அறிகுறி தெரியும். கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, பிறகு கழுத்து விறைப்பு, பிதற்றல், வலிப்பு. சிலருக்கு ஆரம்பத்திலேயே வாசனையும் ருசியும் மாறிப்போகும். அறிகுறி தொடங்கி ஐந்து நாளிலேயே பலர் இறந்துவிடுகிறார்கள். இந்த வேகம்தான் எல்லோரையும் கலங்கடிக்கிறது.

நீச்சல் குளம் பற்றித் தண்ணீர் வேலை தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சந்தேகப்பேர்வழி

அக்கா, வகுப்பை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை மொத்தமே 164 பேருக்குத்தான் இது வந்திருக்கிறது. அறுபது ஆண்டுக்கு மேல், அவ்வளவு பெரிய நாட்டில், கோடை முழுக்க ஏரியில் கிடக்கிற ஜனங்களில். அதே நேரம் உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். நீச்சல் தெரியாத பிள்ளைக்குத்தான் தண்ணீர் எமன்.

பத்திரிகைக்காரர்களுக்கு "மூளை" என்ற சொல் கிடைத்துவிட்டது, விடுவார்களா? இதற்குப் போடுகிற காசையும் கவனத்தையும் நீச்சல் கற்றுக்கொடுப்பதில் போட்டால் எத்தனையோ உயிர் மிஞ்சும். இதைப் பொது சுகாதாரப் பிரச்சினை என்பதே என் பார்வையில் மிகை.

தொட்டிநீர்

சந்தேகப்பேர்வழி சொன்ன எண்கள் சரி. வகுப்பை நிறுத்த வேண்டாம் என்பதும் சரி. ஆனால் "பொது சுகாதாரப் பிரச்சினையே இல்லை" என்ற இடத்தில் உடன்பட முடியாது. குடிநீர் வழங்கலில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எல்லோரும் குளம், ஏரி என்றே பேசுகிறோம். இந்த நோயின் கதை தொடங்கியதே குழாயில்தான். 1965-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஃபௌலர், கார்ட்டர் என்ற இருவர் முதன்முதலாக இதை விவரித்து எழுதினார்கள். அமீபாவின் பெயரில் இருப்பது அந்த ஃபௌலர்தான். அவர்கள் பார்த்த நோயாளிகள் தெற்கு ஆஸ்திரேலியக்காரர்கள். அங்கே போர்ட் அகஸ்டா பக்கத்து ஊர்களுக்கு, முர்ரே ஆற்றுத் தண்ணீர் தரைக்கு மேலே போட்ட நீளமான இரும்புக் குழாயில் வந்தது. வழியெல்லாம் வெயில். ஆற்றங்கரையில் போட்ட குளோரின் பாதியிலேயே தீர்ந்துபோய், கடைசி ஊருக்கு வெந்நீர் மட்டும் போய்ச் சேர்ந்தது. அமீபாவுக்கு அதைவிட நல்ல வீடு வேறு என்ன வேண்டும்?

அவர்கள் யாரையும் "குளிக்காதே" என்று சொல்லி முடித்துக்கொள்ளவில்லை. குழாயின் நெடுகிலும் குளோரின் அளவைக் கண்காணித்தார்கள், நடுவழியில் மறுபடி போட்டார்கள், நீண்ட தூரம் தாக்குப்பிடிக்கும் குளோரமைன் முறைக்கும் போனார்கள். அந்தக் குழாய்வழிச் சாவுகள் அதன் பிறகு அடங்கின.

அடுத்தது அமெரிக்காவின் லூசியானா மாநிலம். 2011-ல் இரண்டு பேர் குழாய்த் தண்ணீரைக் குவளையில் எடுத்து மூக்கைக் கழுவி இறந்தார்கள். இரண்டு வீட்டுக் குழாயிலும் அமீபா இருந்தது. 2013-ல் அதே மாநிலத்தின் செயின்ட் பெர்னார்ட் பகுதியில் நாலு வயதுக் குழந்தை, முற்றத்தில் பிளாஸ்டிக் விரிப்பில் குழாய் நீரைப் பாய்ச்சிச் சறுக்கி விளையாடியது. அதுவும் போய்விட்டது. சோதித்தால் விநியோகக் குழாயிலேயே அமீபா. கத்ரீனா புயலுக்குப் பிறகு அங்கே ஜனம் குறைந்து, தண்ணீர் ஓடாமல் குழாயில் தேங்கியதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பிறகுதான் விநியோகத்தின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்று மாநிலம் அவசர விதி போட்டது.

கராச்சியைப் பாருங்கள். அங்கே இறந்தவர்களில் பலர் குளம் குட்டைக்கே போகாதவர்கள். குளோரின் சரியாகப் போடாத குழாய் நீர், வீட்டுத் தொட்டியில் வெயிலில் சூடேறிக் கிடந்தது. தொழுகைக்கு முன் அதையே மூக்கில் ஏற்றிச் சுத்தம் செய்தார்கள்.

எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் குழாயில் அமீபா பெருகுகிறது என்றால் அந்தக் குழாயில் குளோரினே இல்லை என்று அர்த்தம். அதே தண்ணீரில் காலராவும் டைபாய்டும் வரலாம். இது ஒரு ஆளின் துரதிர்ஷ்டத்தோடு முடிகிற விஷயமா?

சந்தேகப்பேர்வழி

குழாய் விஷயம் புரிகிறது. அப்படியென்றால் அமீபா என்று தனியாகக் கூச்சல் போட வேண்டாம், "குளோரின் ஒழுங்காகப் போடு" என்று சொன்னாலே போதுமே.

தொட்டிநீர்

போதும்தான். முப்பது வருடமாக அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வதற்கு யாரும் காசு கேட்பதில்லை, செய்வதற்குத்தான் கேட்கிறார்கள்.

மழைக்குருவி

கேரளத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? 2016-ல் ஆலப்புழையில் முதல் நோயாளி. அடுத்த சில ஆண்டுகளில் எல்லாம் சேர்த்துப் பத்துகூட இல்லை. திடீரென்று 2024-ல் முப்பதைத் தாண்டியது, 2025-ல் நூறைத் தாண்டியது. 2025-ல் குளத்துக்கே போகாத கைக்குழந்தை ஒன்றும் இறந்தது. குளிப்பாட்டிய கிணற்று நீர் மீது சந்தேகம் விழுந்தது. இதையும் "அறுபது ஆண்டில் 164" என்ற கணக்கில் அடக்க முடியுமா?

பூமி சூடாகிறது, தண்ணீர் சூடாகிறது, அமீபா பெருகுகிறது. அமெரிக்காவிலேயே தென் மாநிலங்களில் மட்டும் இருந்தது 2010-ல் மினசோட்டாவில் வந்தது. அது கனடா எல்லையில் இருக்கிற குளிர்ப் பிரதேசம். இதெல்லாம் தற்செயலா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. உலகம் முழுக்க இந்த நோய் வந்தால் 97 சதவீதம் சாவு என்கிறார்கள். கேரளத்தில் நான்கில் ஒருவர்தான் இறக்கிறார். எப்படி? ஏதாவது ஒரு கணக்கு தப்பாக இருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தான்

இந்தக் கேள்வி வரும் என்றுதான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு தப்பில்லை, இரண்டு கணக்குகளும் ஒரே பொருளை எண்ணவில்லை. 97 சதவீதம் என்பது நெக்லேரியாவுக்கு மட்டும். கேரளம் சொல்கிற எண்ணிக்கையில் அகந்தமீபா போன்ற வேறு அமீபாக்களால் வரும் மூளைத்தொற்றும் சேர்ந்திருக்கிறது. அகந்தமீபா மெதுவாக வேலை செய்யும், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். தோல் புண் வழியாகவும் நுரையீரல் வழியாகவும் நுழையும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களின் கண்ணைக் கெடுப்பதும் இதே அமீபாதான். மெதுவான நோய் என்றால் கண்டுபிடிக்கவும் மருந்து கொடுக்கவும் அவகாசம் கிடைக்கிறது. ஆகவே கேரளத்தில் பிழைத்தவர்களின் விகிதத்தை அமெரிக்க நெக்லேரியா கணக்கோடு நேராக வைத்துப் பெருமைப்படுவதும் தவறு, சந்தேகப்படுவதும் தவறு.

ஆனால் அங்கே நிஜமாகவே ஒன்று மாறியிருக்கிறது. மூளைக்காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கு அமீபா இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கினார்கள். 2024-ல் இதற்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டார்கள், மாநில ஆய்வகத்திலேயே அமீபாவின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வசதி கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டுதான் கோழிக்கோடு பக்கத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் பிழைத்தான்.

பார்க்காத இடத்தில் என்ன நடக்கும்? என் வேலையிலிருந்து சொல்கிறேன். முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீர் எங்களிடம் வரும். கலங்கலாக இருக்கும், வெள்ளணு ஏராளம், சர்க்கரை குறைவு. பார்த்தால் அச்சு அசலாக பாக்டீரியா மூளைக்காய்ச்சல். பாக்டீரியாவைச் சாயமேற்றிக் காட்டும் கிராம் ஸ்டெயின் போட்டால் பாக்டீரியா தெரியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலும் ஒன்றும் வளராது. "ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் கொடுத்திருப்பார்கள், அதனால் வளரவில்லை" என்று ரிப்போர்ட் போய்விடும். நோயாளியும் இரண்டு நாளில் போய்விடுவார். இறப்புச் சான்றிதழில் மூளைக்காய்ச்சல் என்று இருக்கும். கோப்பு மூடியாயிற்று.

இத்தனைக்கும் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. எடுத்த நீரில் ஒரு சொட்டைச் சாயம் எதுவும் இல்லாமல் ஸ்லைடில் வைத்து, சூடு ஆறுவதற்குள் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அமீபா நகரும். அந்த நகர்வுதான் அடையாளம். அந்த நீர் இருக்கிற சோதனைக் குழாயை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் அது சுருண்டு உருண்டையாகிவிடும், வெள்ளணுவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பிசிஆர் இல்லாத சின்ன ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்யலாம். தேவை ஒரே ஒரு விஷயம். வார்டில் இருக்கிற டாக்டர் "அமீபாவும் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும், எங்கள் பக்கத்தில் ஒருவர் அதற்காக வேறு வேலையை நிறுத்திவிட்டு எழுந்து போக வேண்டும். இரவுப் பணியில் அது நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

செக்கோஸ்லோவாக்கியாவில் ஊஸ்தி என்ற ஊரில், 1962 முதல் 1965 வரை ஒரே உள்ளரங்க நீச்சல் குளத்தில் நீந்திய 16 இளைஞர்கள் இறந்தார்கள். அப்போது யாருக்கும் காரணம் தெரியாது. பிறகு பழைய மூளைத் திசுக்களை எடுத்து மறுபடி பார்த்தபோதுதான் அமீபா தெரிந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இப்படித் தேடியபோது நோயாளிகளின் கணக்கு 1937 வரை பின்னால் போனது. நோய் 1965-ல் பிறக்கவில்லை, அப்போதுதான் கண்ணில் பட்டது.

மழைக்குருவி

அப்படியானால் வெப்பநிலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்களா?

ஆய்வுக்கூடத்தான்

இல்லை இல்லை, அப்படிச் சொல்லவே இல்லை. சூட்டை விரும்புகிற உயிர், தண்ணீர் சூடானால் புது இடங்களுக்குப் போகத்தான் செய்யும். மினசோட்டாவில் 2012-லும் இன்னொன்று வந்தது. இரண்டு குழந்தைகளும் ஒரே ஏரியில் நீந்தியவர்கள், கோடை வெயில் கொளுத்திய சமயம். நான் சொல்வது இதுதான்: ஒரே ஆண்டில் எண்ணிக்கை பல மடங்காகும்போது அதில் பெரும் பங்கைத் தேடலுக்குத்தான் கொடுப்பேன். தண்ணீர் ஒரே ஆண்டில் அவ்வளவு மாறாது.

சந்தேகப்பேர்வழி

அப்போது என் 164 கணக்கே ஆட்டம் காண்கிறது என்கிறீர்கள். தேடாத நாடுகளில் எத்தனை பேர் "மூளைக்காய்ச்சல்" என்ற பெயரில் போனார்களோ.

சரி, அதை ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி நிற்கிறது. ஆரோக்கியமான ஆட்கள் பலருடைய ரத்தத்தில் இந்த அமீபாவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி இருப்பதாகப் படித்திருக்கிறேன். அதாவது எல்லோர் மூக்கிலும் எப்போதாவது ஏறியிருக்கிறது. ஆனால் ஒரே குளத்தில் நூறு பேர் குதித்தால் ஒருவனுக்குத்தான் வருகிறது. ஏன் அவனுக்கு மட்டும்?

ஆய்வுக்கூடத்தான்

அதற்கு விடை கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நோயாளிகளில் சிறுவர்கள்தான் அதிகம், அதிலும் ஆண் பிள்ளைகள். அவர்கள்தான் தலைகீழாகக் குதிக்கிறார்கள், அடியில் போய்ச் சேற்றைக் கிளறுகிறார்கள் என்பது ஒரு விளக்கம். முழு விளக்கம் என்று சொல்ல மாட்டேன்.

இருபிள்ளைஅம்மா

படிக்கப் படிக்கப் பயம் குறைகிறதா கூடுகிறதா என்றே தெரியவில்லை. ஊரிலிருக்கிற குளம் கிணறு எல்லாவற்றிலும் குளோரினைக் கொட்டிவிட்டால் என்ன?

தொட்டிநீர்

கிணற்றுக்குச் சரி. குளத்துக்குச் சொன்னால் எனக்குச் சிரிப்பும் வரும் கோபமும் வரும் அக்கா.

கிணறு ஒரு அளவுக்குள் அடங்கியது. தண்ணீரின் கன அளவைக் கணக்கிட்டு ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறக்கிக் கலக்கி, ராத்திரி விட்டுவிட்டால் வேலை நடக்கும். மழை பெய்தாலோ ஊற்று மாறினாலோ மறுபடி செய்ய வேண்டும். 2025-ல் கேரளத்தில் ஊர் முழுக்க கிணறுகளில் குளோரின் போடும் இயக்கமே நடத்தினார்கள். நல்ல காரியம்தான், ஒரு முறையோடு நிறுத்தாமல் இருந்தால்.

குளத்தில் வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். இலை, பாசி, சேறு எல்லாம் மிச்சத்தை உறிஞ்சிவிடும். அமீபா கிடப்பதோ அடிச்சேற்றில். அதைக் கொல்லும் அளவு போட்டால் முதலில் மீன் மிதக்கும், தவளை மிதக்கும். அடுத்த வாரம் அமீபா மறுபடி இருக்கும். போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் உதவும் வேலை. கோடையில் நீர்மட்டம் இறங்கிச் சூடாகக் கிடக்கிற குளத்தில் "இங்கே குதிக்காதீர்கள், முங்காதீர்கள்" என்று பலகை வைப்பதும், மூக்கு கிளிப் போடச் சொல்வதும் அதைவிட உபயோகம்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் குழாயின் வால்முனை. பம்ப் ஹவுஸில் அளந்த குளோரினை ரிஜிஸ்டரில் எழுதி வைப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. கடைசித் தெருவின் கடைசி வீட்டில் யார் அளக்கிறார்கள்? நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் வால்முனைச் சோதனை என்பது மேசையில் உட்கார்ந்தபடியே நிரப்பப்படும் ஒரு கட்டம்தான். அப்புறம் மேல்நிலைத் தொட்டி. அடியில் வண்டல், மேலே வெயில். அதைக் கழுவுவதற்கு தேதி எழுதியிருப்பார்கள், ஆள் ஏறியிருக்க மாட்டார்.

காலைநடை

இழைக்குப் புதியவன், ஒரு சந்தேகம். சைனஸுக்காகத் தினமும் ஜலநேத்தி (மூக்கில் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவது) செய்கிறேன். நிறுத்த வேண்டுமா?

ஆய்வுக்கூடத்தான்

நிறுத்த வேண்டாம், தண்ணீரை மாற்றுங்கள். குழாய் நீரைத் தளதளவென்று குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். உயரமான மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். இல்லையென்றால் கடையில் வாங்கும் டிஸ்டில்ட் வாட்டர். வெறும் வெதுவெதுப்பாக்கிய தண்ணீர் கூடவே கூடாது, அது அமீபாவுக்குப் பிடித்த சூடு. உப்பு போட்டிருக்கிறேனே என்று நினைக்காதீர்கள், மூக்குக்குப் போடுகிற அளவு உப்பு அதை ஒன்றும் செய்யாது. சொம்பைக் கழுவி நன்றாக உலர்த்தி வையுங்கள்.

மழைக்குருவி

மருந்து பற்றி யாராவது சொல்லுங்கள். வந்துவிட்டால் விதி என்று விட்டுவிட வேண்டியதுதானா?

ஆய்வுக்கூடத்தான்

தனியாக ஒரு மருந்து என்று இல்லை. ஆம்ஃபோடெரிசின் பி அடிப்படை, கூடவே ரிஃபாம்பிசின், ஃப்ளுகோனசோல், அசித்ரோமைசின், மில்டெஃபோசின் என்று சேர்த்துக் கொடுக்கிறார்கள். மூளை வீக்கத்தைக் குறைப்பதும் அதே அளவு முக்கியம். 2013-ல் அமெரிக்காவில் இரண்டு குழந்தைகள் பிழைத்தார்கள். ஒருவருக்குச் சீக்கிரம் கண்டுபிடித்து, உடம்பைக் குளிர்வித்து வைத்திருந்தார்கள், முழுதாகத் தேறிப் பள்ளிக்கூடம் போனார். இன்னொருவருக்குச் சில நாள் தாமதம். உயிர் தங்கியது, மூளைப் பாதிப்பு தங்கிவிட்டது. இருவருக்கும் மில்டெஃபோசின் கொடுக்கப்பட்டது.

இந்த மில்டெஃபோசின் கதை வேடிக்கையானது. புற்றுநோய்க்காக ஆராய்ந்த மருந்து, கடைசியில் மணல் ஈயால் பரவும் காலா அசார் நோய்க்கு மாத்திரையாக வந்தது, அதற்கு 2002-ல் முதலில் அனுமதி கொடுத்த நாடு இந்தியா. ஆனால் அமீபாவுக்குத் தேவைப்பட்டபோது கேரளம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஐந்து நாளில் கொல்கிற நோய்க்கு, ஆர்டர் போட்டுக் காத்திருக்க முடியுமா? ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்சமாவது இருப்பு வைக்க வேண்டும். காலாவதியாகித் தூக்கிப் போட நேர்ந்தாலும் அது நஷ்டம் இல்லை.

சந்தேகப்பேர்வழி

தூக்கிப் போட்டதற்குத் தணிக்கையில் கேள்வி வரும். அந்தப் பயத்தில்தான் யாரும் வாங்கி வைப்பதில்லை. இதில் உங்கள் கட்சிதான் நான்.

இருபிள்ளைஅம்மா

வகுப்பைத் தொடரலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நீச்சல் குளத்து மேலாளரிடம் என்ன கேட்க வேண்டும்? வெறுமனே "குளோரின் போடுகிறீர்களா" என்றால் "போடுகிறோம்" என்பார்.

தொட்டிநீர்

"இன்றைக்குக் காலை ரீடிங் என்ன?" என்று கேளுங்கள். குளோரின் குறைந்தது ஒரு பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்), தண்ணீரின் அமில-கார அளவான பிஹெச் 7-க்கும் 7.8-க்கும் நடுவே. பிஹெச் ஏறினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது, இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சோதனைப் பட்டை வாங்கி நீங்களே ஒரு நாள் நனைத்துப் பார்க்கலாம், நிறம் மாறுவதை டப்பாவின் மேலிருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டால் போதும். கூட்டம் அதிகமான மாலை வேளையில் பாருங்கள், காலையில் எல்லாக் குளமும் நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் சுழலாமல் தேங்குகிற மூலை, உடைந்த டைல், சுவர் இடுக்கு ஏதும் இருக்கிறதா என்றும் ஒரு கண் போடுங்கள். ஊஸ்தி குளத்தில் குளோரின் போட்டுத்தான் இருந்தார்கள். ஒரு போலிச் சுவருக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் அமீபா குடியிருந்தது.

ரீடிங் கேட்டதும் முகம் சுளிக்கிறவர் நடத்துகிற குளமாக இருந்தால் வேறு குளம் பாருங்கள்.

ஆய்வுக்கூடத்தான்

என் பங்குக்கு ஒன்று. ஏரி, கிணறு, குளம் என்று எங்கே குளித்துவிட்டு வந்தாலும், இரண்டு வாரத்துக்குள் பிள்ளைக்குக் கடும் தலைவலியும் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்தால், மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் "இன்ன தேதியில் இன்ன தண்ணீரில் குளித்தாள், மூக்கில் தண்ணீர் ஏறியது" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அமீபாவாக இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனால் நீங்கள் சொன்னால்தான் அந்த "அமீபாவும் பாருங்கள்" என்ற வரி எங்களுக்கு எழுதி வரும்.